தண்ணீர் வராத ஊரின் பாட்டு

கோரஸ் பாடத்தான் என்னை அந்த ஆர்கெஸ்ட்ராவில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். குழு இருந்தது சேலத்தில். நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் ஏதாவது ஒரு மாரியம்மன் கோயிலில் எங்களுக்குக் கச்சேரி இருக்கும். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் பாடும் பாட்டுக்கு நடுநடுவே ‘லாலா’ சேர்ப்பது என் வேலை. தனிப்பாட்டு தரமாட்டார்கள். பெண்ணாக இருந்தும் என் குரல் கனம். பெண் பாடகிகள் பாடிய சினிமாப் பாட்டு எதுவும் அதற்குரிய சுருதியில் எனக்கு ஏறாது. இறக்கிப் பாடினால் அது அந்தப் பாட்டாகவே இருக்காது.

ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் எங்கள் ஆண் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டூயட் பாட்டுக்கு முன்னிசை ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முடியாது என்று கையை ஆட்டுகிறார். யாரும் சொல்லாமலேயே நான் மைக்கை எடுத்து அவருடைய பகுதியைப் பாடினேன், அவருடைய சுருதியிலேயே. முதலில் கூட்டம் சிரித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது சரணம் வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் மேடையேறி வந்து எனக்குத் துண்டு போர்த்தினார்.

அன்றிலிருந்து எனக்குத் தனி இடம் கிடைத்தது. ஆனால் நான் ஆசைப்பட்ட இடம் அது இல்லை. ‘ஆண் குரலில் பாடும் அதிசயப் பெண்’ என்று ஃபிளெக்ஸ் அடித்தார்கள். அறிவிப்பாளர் என்னை அழைக்கும்போதெல்லாம், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பிறகு திறந்து பாருங்கள் என்பார். ஜனங்களும் அப்படியே செய்வார்கள். கண்ணைத் திறக்கிற அந்த நேரத்தில் அவர்கள் முகங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. பொருட்காட்சியில் இரட்டைத்தலை ஆட்டுக்குட்டியைச் சுற்றி நிற்கிறவர்களின் முகம் அது.

குழுவில் கீபோர்டு வாசித்தவர் அம்மாபேட்டைக்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசித்துவிட்டு, சாயங்காலம் அம்மன் பாட்டு வாசிக்க வேனில் ஏறுகிறவர். இனி நான் கச்சேரிக்கு வரப்போவதில்லை என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவர் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு இயர்போனை நீட்டினார். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் பாடிய பாட்டு. வார்த்தைகள் பாதிதான் புரிந்தன. ஆனால் அந்தக் குரல் என்னுடைய உயரத்தில் நின்றது. நெஞ்சுக்கூட்டிலிருந்து கிளம்பி, மேலே ஏற வேண்டும் என்ற அவசரமே இல்லாமல், உடைய வேண்டிய இடத்தில் உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

“இதுக்குப் பேரு சோல். ஆன்மான்னு அர்த்தம்,” என்றார் அண்ணா. “உன் குரல் ஆம்பளக் குரல் இல்லம்மா. அதுக்கு இந்த ஊர்ல இன்னும் யாரும் பாட்டு எழுதல, அவ்வளவுதான்.”

அந்த மாதிரிப் பாட்டுகளை ஒரு பென் டிரைவ் நிறையப் போட்டுக் கொடுத்தார். சேலத்துக்கும் ஊருக்கும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவற்றைத்தான் கேட்டேன். எங்கள் பக்கம் இழவு வீட்டில் பெண்கள் அழுகிற அழுகைக்கும் அதற்கும் ஏதோ ஒரு சொந்தம் இருந்தது. ஆனால் இவர்கள் தாளம் தப்பாமல் அழுதார்கள். சில பாட்டுகளில் அழுதுகொண்டே ஆடவும் செய்தார்கள். அது எனக்குப் புதிதாக இருந்தது.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். நிலத்தைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு, அதாவது போர், போடுகிற அந்த வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து வடக்கே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்பும். நான் வளர்ந்தது முழுக்க அப்பாவின் குரலோடுதான், அப்பாவோடு இல்லை. அவர் அதிகம் பேசமாட்டார். போர் போட்டுத் தண்ணீர் வந்தால் மட்டும் போன் செய்வார். தண்ணி வந்துருச்சு என்பார், ஊர்ப் பெயரைச் சொல்லுவார், வைத்துவிடுவார். அம்மா அந்த வாயில் நுழையாத பெயரை அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லுவாள். அவள் சொல்லும்போது அது நாமக்கல்லுக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிடும்.

அதைத்தான் நான் முதல் பாட்டாக எழுதினேன். அம்மா அப்பாவிடம் பேசுவதுபோல:

தண்ணி வந்தாக் கூப்பிடுங்க
ஊரு பேரச் சொல்லிப்போடுங்க
வாயில நொழையாத பேரா இருந்தாலும்
வாசல்ல நின்னு சொல்லிப் பாக்கறனுங்க.

அண்ணாவின் வீட்டு உள்ளறையில் பதிவு செய்தோம். வெளிச்சத்தத்தைத் தடுக்க மெத்தையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து நிறுத்தினோம். அடுத்த வீட்டில் விசைத்தறி. அவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற நேரத்தில் ஓடி ஓடிப் பாட வேண்டும். அண்ணா அடியில் சர்ச் ஆர்கன் மாதிரி நீண்ட நாதங்களை வைத்தார். அதற்கு மேல் கல்யாண வீட்டில் ஆடுவதற்குப் போடுகிற மாதிரி ஒரு தாளம். அதற்கும் மேல் நான் ஒப்பாரி இழுப்பை இழுத்தேன். ஒன்றுக்கொன்று சண்டை போடும் என்று பயந்திருந்தேன். போடவில்லை.

இணையத்தில் ஏற்றியபோது முதலில் கேட்டவர்கள் ரிக் வண்டிக்காரர்கள். அவர்களிடமிருந்து லாரிக்காரர்களுக்குப் போனது. ஒருநாள் செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் டவுன் பஸ் நகராமல் நிற்க, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் பாட்டுப் போட்டார். என் பாட்டு. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே கூடப் பாடினார், இரண்டாவது வரியைத் தப்பாக. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்பா அங்கே வடக்கே, வேறொரு ரிக் வண்டியின் கேபினிலிருந்து அதைக் கேட்டிருக்கிறார். யார் பாடுகிறார்கள் என்று அந்த டிரைவரிடமே விசாரித்திருக்கிறார். இதெல்லாம் அவருடன் வேலை செய்தவர் அம்மாவிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா எனக்குப் போன் செய்தபோது, பாட்டு கேட்டேன் சாமி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது பல நாள் உறுத்தியது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு இசைக் கம்பெனி கூப்பிட்டது. என்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த தயாரிப்பாளர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். பாட்டு எந்த வகை என்பதே முதல் கூட்டத்தில் பேச்சாக இருந்தது. நாட்டுப்புறமா, பாப் இசையா என்று கேட்டார்கள். இரண்டும்தான், நடுவில் சோலும் இருக்கிறது என்றேன். அப்படி ஒரு அலமாரி தங்களிடம் இல்லை என்றார் ஒருவர். கடைசியில் நாட்டுப்புறம் என்று முடிவாயிற்று. கண்டாங்கிச் சேலை கட்டி, மண்பானையோடு கிணற்றுக்கட்டில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். ‘ஊடு’ என்று நான் பாடியதை ‘வீடு’ என்று மாற்றினார்கள். ஆர்கன் போய் நாதஸ்வரம் வந்தது. அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். தங்களிடமே ஆள் இருப்பதாகச் சொன்னார்கள். அண்ணா வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. மெத்தை இனிமேல் கட்டிலிலேயே கிடக்கும், தன் சம்சாரத்துக்குச் சந்தோஷம் என்று சிரித்தார்.

அந்தப் பாட்டுகளை யாரும் கேட்கவில்லை. ரிக் வண்டிக்காரர்கள்கூட அவற்றைப் போடவில்லை. கம்பெனி என்னைக் கைவிட்டபோது அந்தத் தயாரிப்பாளர்தான் பரிதாபப்பட்டு எனக்கு டிராக் பாடும் வேலை வாங்கிக் கொடுத்தார். பெரிய பாடகிகள் வந்து பாடுவதற்கு முன்னால் மெட்டு எப்படி இருக்கும் என்று காட்ட யாராவது பாடி வைக்க வேண்டும், அதுதான் டிராக். அவர்கள் பாடியதும் நம் குரலை அழித்துவிடுவார்கள். ஒரு சினிமாப் பாட்டு வெளிவந்தபோது கேட்டேன். பாடியது வேறொருவர். ஆனால் மூன்றாவது வரியில் வந்த இழுப்பு என்னுடையது. எங்கள் ஊர் இழவு வீட்டிலிருந்து நான் எடுத்துப் போனது. அந்தப் பாடகியை நான் குறை சொல்லமாட்டேன். டிராக்கில் இருந்ததை அவர் அழகாகவே பாடியிருந்தார். அன்று சென்னையில் ஒரே அறையில் என்னோடு தங்கியிருந்த பெண்கள் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். நானும் எழுந்து ஆடினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்கு ஏறாத உயரத்தில் தினமும் பாடினால் என்ன ஆகுமோ அது ஆனது. ஒரு காலைப் பதிவில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மருத்துவர் தொண்டைக்குள் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாண்களின் விளிம்பில் அரிசிக் குருணை மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சுகள். பேசக் கூடாது, ரகசியக் குரலிலும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார். மறுபடி பாட முடியுமா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். முதலில் சும்மா இருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அம்மாவால் பதில் வராத பேச்சைத் தாங்க முடியவில்லை. என்னிடம் கேள்வி கேட்டு, என் பதிலையும் அவளே சொல்லி, அதற்குக் கோபமும் பட்டாள். ஒரம்பரை, சொந்தபந்தம் என்று யாராவது வந்தால் பிள்ளைக்கு விரதம் என்று சொல்லிவிடுவாள். அந்தச் சமயம் மழைக்கு ரிக் வண்டிகள் திரும்பின. அப்பாவும் வந்தார். வீட்டில் பேசாத ஆட்கள் இரண்டு பேர் ஆனோம்.

ஒருநாள் காலையில் மொபெட்டை எடுத்தார். ஏறு சாமி என்றார். ஜேடர்பாளையம் போனோம். தடுப்பணையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்தது. படியில் உட்கார்ந்தோம். நான் பேச முடியாதவளாக இருந்தது அவருக்குச் சுலபமாக இருந்ததோ என்னவோ, என் பிறவியில் கேட்காத அளவுக்கு அன்று பேசினார்.

“உன்ற பாட்டப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லுல. உனக்கு வெசனமா இருந்துருக்கும்,” என்றார். “கேக்கறப்ப எல்லாம் நெஞ்சு அடைக்கும். ஆனாக்க, தண்ணி வந்த ஊருதான் சாமி உனக்குத் தெரியும். வராத ஊருல இருந்து நான் கூப்பிட்டதே இல்லியே.”

பிறகு அந்த ஊர்களைப் பற்றிச் சொன்னார். வண்டி போய் நின்றதும் நாற்காலி வரும், டீ வரும், தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்துவார்கள். பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். துளை போடும் ராடு இறங்க இறங்க, பாறை அரைபட்டு வெள்ளையாகக் கல்மாவு பறக்கும். அது ஈரமாகிச் சேறாக வர வேண்டும். வராது. வீட்டுக்காரர் இன்னும் ஒரு ராடு இறக்கச் சொல்லுவார். அதற்கப்புறமும் இன்னும் ஒன்று. கடைசியில் கம்ப்ரசரை நிறுத்துவார்கள். அந்தச் சத்தம் நின்றதும் வருகிற அமைதியில் யாரும் டிரில்லரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஒரு ஊரில் தண்ணீர் வரும் என்று நம்பி அந்த வீட்டுப் பெண் பாயசம் மாதிரி ஏதோ காய்ச்சி வைத்திருந்தாளாம். வராது என்று தெரிந்த பிறகும் இவர்களை உட்கார வைத்து, தட்டுப் போட்டு, அதை ஊற்றினாளாம். தலையில் முக்காடு. முகம் தெரியவில்லை.

“மாட்டேன்னு சொல்ல முடியுமா? உடம்பெல்லாம் மாவோட உக்காந்து குடிச்சோம்,” என்றார் அப்பா. “அது இன்னமும் இங்கயேதான் நிக்குது.” தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு ஆயிரம் கேட்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று போனில் தட்டி அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை. கையை நீட்டி, தள்ளி வைத்து, சுருக்கிப் பார்த்துவிட்டு, சிரித்து என்னிடமே கொடுத்துவிட்டார். கடையில் மீன் வறுவல் வாங்கிக்கொண்டு வந்தார். முள்ளைப் பார்த்துத் தின்னச் சொன்னார். திரும்பி வரும் வழி முழுக்க அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

பாயசம் ஊற்றிய அந்தப் பெண்ணின் பாட்டை வாயைத் திறக்காமலேயே எழுதினேன். மெட்டு மண்டைக்குள் இருந்தது. பாடிப் பார்க்க வழியில்லை. அதனாலோ என்னவோ, என்னால் எட்ட முடியாத இடத்துக்கு அது போகவே இல்லை.

கல்லுமாவு பறக்குதுங்க
களத்துல நிக்கற நெழலும் வெளுக்குதுங்க
வந்தவிய பசியோட போவக் கூடாது
வாங்க, உக்காருங்க, ஊத்தறனுங்க.

குரல் மெதுவாகத் திரும்பியது. சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். குழந்தை மாதிரி ‘ம்’ மட்டும் சொல்லிப் பழகினேன். வந்த குரல் பழைய குரல் இல்லை. இன்னும் கீழே இறங்கியிருந்தது, ஓரத்தில் லேசான கரகரப்போடு. அண்ணா வீட்டுக்குப் போய்ப் பாடிக் காட்டினேன். அவர் கீபோர்டைத் தொடவில்லை. முடித்ததும், மறுபடி ஒருதரம் பாடும்மா என்றார். பிறகு எழுந்து போய் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

அப்பா வண்டி ஏறுவதற்கு முன்னால் சமையலறையில் வைத்துப் போனில் அதைப் போட்டுக் காட்டினேன். நின்றபடியே கேட்டார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அபசகுனம் பிடித்த பாட்டு, ஆர் காசு குடுத்து அழுவாங்க என்றாள். அப்பா தன் போனை எடுத்து நீட்டி, அதில் போட்டுத் தரச் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அதோடு வேறு பாட்டுகளும் சேர்ந்தன. கல்யாணச் சண்டையைப் பற்றி ஒன்று, முட்டை லாரியில் காதலைச் சொல்லி அனுப்புகிறவளைப் பற்றி ஒன்று. ஆட வைக்கிறவை. இணையத்தில் ஏற்றும்போது எந்த வகை என்று கேட்ட இடத்தில் அண்ணா ‘மற்றவை’ என்று போட்டார். முன்புபோல அது ஒரே நாளில் பரவவில்லை. ஆனால் கேட்டவர்கள் மறுபடி கேட்டார்கள். பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள், கோவையிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லி எந்த மேடையிலும் யாரும் அறிவிக்கவில்லை.

சேலத்தில் எங்கள் முதல் கச்சேரி ஒரு கல்லூரி அரங்கத்தில், சனிக்கிழமை சாயங்காலம். அம்மா சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் கல்மாவுப் பாட்டைப் பாடினேன். பாதியில், நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். மேடையிலிருந்து பார்த்தால் எழுந்து போகிற ஆள்தான் பெரிதாகத் தெரியும். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்ததாக முட்டை லாரிப் பாட்டைத் தொடங்கினேன். கூட்டம் எழுந்து ஆடியது.

முடிந்து வரும்போது ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். ஆத்தூர்ப் பக்கம் விவசாயம், பையன் இந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்றார். நிலத்தில் எங்கே போட்டாலும் தண்ணீர் இல்லையாம். எழுந்து போனது தன் மனைவிதான், தப்பாக நினைக்காதீர்கள் என்றார். நான் அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். வெளியே வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“எதுக்கு மன்னிப்பு? அந்தப் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள். “நான் மூஞ்சக் கழுவிட்டு உள்ள வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஆட்டப் பாட்ட ஆரம்பிச்சிட்டீங்க. அழுதவ எப்படிம்மா ஒடனே அந்தக் கூட்டத்துல நடந்து வருவா? அந்தப் பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் உடுங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்புப் போதவில்லை என்று வீட்டு ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன படித்தேன், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தாள். ரிக் வண்டி என்றேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பாவம், அவருக்கும் கஷ்டமாத்தான இருக்கும் என்றாள்.

அதன் பிறகு நாங்கள் எந்த ஊரில் பாடினாலும் கல்மாவுப் பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவதில்லை. அண்ணா மட்டும் மெதுவாக ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பார். நான் மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கதவோரம் யாராவது போவார்கள், யாராவது திரும்பி வருவார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அண்ணாவைப் பார்த்துத் தலையசைப்பேன்.